பழைய லியோனில் ஒரு கல்வீடு: வாங்கியதும் பழுதுபார்த்ததும்

பிரான்சின் லியோன் நகரில், சோன் ஆற்றுக்கும் ஃபூர்வியேர் குன்றுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கட்டப்பட்ட பழைய வீடுகளில் ஒன்றில் நானும் என் குடும்பமும் வாழ்கிறோம். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் உள்ள குடியிருப்பு மட்டுமே எங்களுடையது. மற்ற மாடிகளில் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. நடை, முற்றம், படிக்கட்டு, கூரை ஆகியவை எல்லோருக்கும் பொது. பாரிசில் இருக்கும் உறவினர்களும் புதுச்சேரியிலிருந்து வரும் நண்பர்களும் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இப்படிப்பட்ட வீட்டை வாங்கலாமா? ஆணி அடிக்கக்கூட அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டுமாமே?" ஆணி அடிக்க அனுமதி தேவையில்லை. ஆனால் எந்தச் சுவரில் அடிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. என்ன செய்வது என்று முடிவெடுத்த பிறகு அதிகாரிகளைத் தேடிப் போகாதீர்கள். முடிவெடுப்பதற்கு முன்பே போய்விடுங்கள்.

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றவை விளங்கா. தெருவில் நின்று பார்த்தால் இந்த வீடுகள் தங்கள் செல்வத்தைக் காட்டிக்கொள்வதே இல்லை. கீழே வளைவான கடைவாசல், அதன் பக்கத்தில் ஒரு தாழ்ந்த கதவு. கதவைத் தள்ளினால் கல் வளைவுக் கூரை போட்ட நீண்ட நடை. நடை முடிகிற இடத்தில்தான் வீடு தொடங்குகிறது: ஒரு முற்றம், அதன் மூலையில் சுழல்படிக் கோபுரம், தெருப்பக்கக் கட்டடத்தையும் பின்கட்டையும் மாடிக்கு மாடி இணைக்கும் வளைவுத் தாழ்வாரங்கள். சில நடைகள் பின்கட்டையும் தாண்டி அடுத்த தெருவில் போய் முடியும். அவற்றைத்தான் இங்கே திராபூல் என்கிறார்கள். ஆற்றுக்கும் குன்றுக்கும் இடையே இடம் இல்லாததால் அன்றைக்கே நான்கு, ஐந்து மாடிகள் எழுப்பிவிட்டார்கள்.

இவ்வளவு செலவு செய்து கட்டியவர்கள் வணிகர்களும் வங்கியாளர்களும்தான். 1463இல் பதினோராம் லூயி மன்னர் லியோனுக்கு ஆண்டுக்கு நான்கு சந்தைகள் நடத்தும் உரிமை அளித்தார். ஃபிளாரன்சிலிருந்தும் லூக்காவிலிருந்தும் இத்தாலியப் பணக்காரர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களில் கதாஞ் குடும்பம் பெயர் பெற்றது. அவர்கள் 1545இல் வாங்கிய மாளிகை இன்று நகர வரலாற்று அருங்காட்சியகமாகவும் பொம்மலாட்ட அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. நீண்ட காலம் மூடி வைத்துப் பழுதுபார்த்து 2009இல் மீண்டும் திறந்தார்கள். இங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் தரகரைப் பார்ப்பதற்கு முன் கதாஞ் மாளிகைக்கு ஒரு முறை போய் வாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு எப்படி இருக்க வேண்டும், கல் ஜன்னலில் மரச்சட்டம் எங்கே பொருந்த வேண்டும், பழைய தளத்தின் கீழ்ப்புறம் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் அங்கே கண்ணால் பார்த்துவிடலாம். அதன் பிறகு தரகர் காட்டும் வீட்டில் எது ஒட்டு வேலை என்பது தானாகத் தெரியும்.

அப்படியே ழுய்வெரி தெருவில் 8ஆம் எண் வீட்டு முற்றத்தையும் எட்டிப் பாருங்கள். ரோமிலிருந்து திரும்பிய இளம் கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் தெலோர்ம், 1536இல் புல்லியூ என்பவருக்காகக் கட்டிய தாழ்வாரம் அங்கே இருக்கிறது. இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டும், ஆனால் சிறிய முற்றத்தின் இடத்தைத் தின்றுவிடக் கூடாது. தரையில் தூண் நிறுத்தாமல், இரு மூலைகளிலும் சுவரிலிருந்தே விரிந்து கிளம்பும் வளைந்த கல் தாங்கிகளின் மேல் முழுத் தாழ்வாரத்தையும் நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் அரசரின் கட்டடங்களுக்கே தலைமை ஏற்ற மனிதர் அவர். பாரிசின் துய்ல்ரீ அரண்மனையைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தத் தாங்கிகளின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, இப்படிப்பட்ட வீடுகளை இடித்துவிட ஒரு காலத்தில் திட்டம் போட்டார்களே என்று எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஆம், இடிக்கத்தான் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பகுதி சேரி போலக் கிடந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம், படிக்கட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை, சுவரெல்லாம் கரி. 1957இல் மேயரான லூயி பிரதெல் காலத்தில், இந்தத் தெருக்களை ஊடறுத்துக்கொண்டு ஒரு சாலை போடும் திட்டம் இருந்தது. 1946இலேயே தொடங்கப்பட்டிருந்த 'பழைய லியோன் மறுமலர்ச்சி' சங்கத்தினர் அதை எதிர்த்து நின்றார்கள். அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1962இல் கொண்டுவந்த சட்டம், தனித்தனிக் கட்டடங்களை மட்டுமல்லாமல் ஒரு பகுதி முழுவதையுமே காக்க வழி செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1964இல் பிரான்சிலேயே முதலாவதாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி பழைய லியோன்தான். 1998இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதிகள் நம்மைத் தொல்லைப்படுத்துவதற்காக எங்கோ உட்கார்ந்து யாரோ எழுதியவை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே குடியிருந்தவர்களும் இந்த ஊரை நேசித்தவர்களும் போராடி வாங்கியவை அவை.

சரி, வாங்குவதற்கு வருவோம். ஒரு வீட்டின் மேல் இரண்டு வகைப் பாதுகாப்பு இருக்கலாம். பகுதி முழுவதற்கும் பொருந்தும் பாதுகாப்புத் திட்டம் ஒன்று. அது வெளிச்சுவரோடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, கணப்பு, தளம் எல்லாவற்றையும் தொடும். இரண்டாவது, அந்தக் கட்டடமோ அதன் சில பகுதிகளோ வரலாற்றுச் சின்னமாகத் தனியே பதிவாகியிருப்பது. எங்கள் கட்டடத்தில் முற்றத்துப் பக்கச் சுவர், சுழல்படி, தாழ்வாரம் ஆகியவை அப்படிப் பதிவானவை. எந்தெந்தப் பகுதி என்பது அரசாணையில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கலாச்சார அமைச்சகத்தின் 'மெரிமே' தரவுத்தளத்தில் முகவரியைக் கொடுத்துத் தேடினால் எவரும் இதைப் பார்க்கலாம். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். நொத்தேர், அதாவது பத்திரம் எழுதும் சட்ட அலுவலர், பிறகு சொல்லத்தான் செய்வார். ஆனால் அதற்குள் மனம் அந்த வீட்டில் குடியேறிவிட்டிருக்கும்.

அடுத்ததாக, உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தின் கடைசி மூன்று ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகள். விற்பவர் இவற்றைத் தந்தே ஆக வேண்டும். பெரும்பாலோர் புரட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் வரி விடாமல் படித்தேன். "முற்றத்து மழைநீர்க் குழாய் பழுது, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்ற ஒரே வாசகம் ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டிருந்தது. ஒத்திவைக்கப்பட்ட வேலைதான் வாங்குபவரின் தலையில் விழும் செலவு. விலை பேசும்போது அந்தப் பக்கங்களை மேசையில் விரித்து வைத்துத்தான் பேசினேன். விலை இறங்கியது. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் வாங்குபவருக்கு மனம் மாற பத்து நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்ப்பது, அவருக்குக் கொடுக்கும் கூலிக்குப் பல மடங்கு மதிப்புள்ளது.

வாடகைக்கு விடுவதற்காக வாங்குபவர்கள், வீட்டின் ஆற்றல் செலவை மதிப்பிட்டு 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் தரும் ஆற்றல் தரச் சான்றிதழைக் கவனமாகப் பாருங்கள். கடைசித் தரமான 'ஜி' பெற்ற வீடுகளை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028இல் 'எஃப்' தரத்துக்கும் அதே நிலை வருகிறது. பழைய கட்டடம் என்பதால் தானாக விலக்குக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மேலே சொன்ன மால்ரோ சட்டத்தின் கீழ்ச் சீரமைப்புச் செலவுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை நல்ல சலுகைதான். ஆனால் முழுமையான சீரமைப்புக்கும் வாடகைக்கு விடுவதற்கும் கட்டுப்பட்ட சலுகை அது. நாமே குடியிருக்கப் போகும் வீட்டுக்கு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி ஈரம். இந்தப் பகுதியில் வீடு வாங்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எங்கள் குடியிருப்பின் பின்னறை குன்றுப் பக்கம் இருக்கிறது. தெருவிலிருந்து மூன்று மாடி ஏறித்தான் வருகிறோம். ஆனால் பின்பக்கத்தில் குன்றின் மண்ணும் எங்கள் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டம். மூன்றாவது மாடியில் மண்ணோடு ஒட்டிய சுவர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சுவரில் முன்பு இருந்தவர்கள் சிமென்ட் பூசி, மேலே தண்ணீர் புகாத பெயின்ட் அடித்து, அதற்கும் முன்னால் ஜிப்சம் பலகை வைத்து மூடியிருந்தார்கள். அறை பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தது. பலகையைக் கழற்றியபோது உள்ளே கறுப்புப் பூஞ்சை. சிமென்ட் தோல் போல உப்பி நின்றது. விரலால் அழுத்தினால் பின்னால் இருந்த மஞ்சள் சுண்ணாம்புக் கல் மாவாக உதிர்ந்தது.

நடந்தது இதுதான். இந்தச் சுவர்கள் எப்போதும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் மெல்ல மெல்ல அறைக் காற்றில் ஆவியாகி வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட நீர் கல்லுக்குள்ளேயே மேலே ஏறுகிறது. நீரில் கரைந்திருக்கும் உப்பு, கல்லின் முகத்துக்கு அருகே படிகமாகிப் பெருத்துக் கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையை உரித்துவிட்டுச் சிமென்ட் பூசினால் அடுத்த மழைக்காலத்திலேயே சுவர் பொரிந்துபோகும் அல்லவா, அதே கதைதான்.

பல நிறுவனங்கள் வந்து பார்த்தன. ஒன்று சுவரில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் செலுத்தலாம் என்றது. இன்னொன்று சுவரில் ஒரு மின்கருவியை மாட்டினால் ஈரம் இறங்கிவிடும் என்றது. வந்தவர்களில் முதிய கொத்தனார் ஒருவர் மட்டும் சுவரைத் தொடவே இல்லை. நேரே ஜன்னலைத் திறந்து முற்றத்தின் மழைநீர்க் குழாயைப் பார்த்தார். பிறகு பின்பக்கத்து மண்திட்டில் ஏறி, வடிகால் எங்கே போகிறது என்று கேட்டார். "மிஸ்யே (ஐயா), தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரைப் பூசாதீர்கள்" என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போடப்பட்ட அந்தக் குழாய் விரிசல் விட்டு, மழை பெய்யும்போதெல்லாம் சுவருக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. குழாய் பொதுச்சொத்து. ஆகவே பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் மாற்ற முடியும். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, உதிர்ந்த கல்லின் படங்களைக் காட்டிப் பேசினேன். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள்.

குழாய் மாறிய பிறகுதான் சுவர் வேலை. சிமென்டை உளியால் கையாலேயே பெயர்த்தார்கள். இயந்திரம் வைத்தால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காய விட்டோம். அதுதான் பொறுமையைச் சோதித்த கட்டம். அறை பயன்படாது, தூசி அடங்காது. ஆனால் ஈரச் சுவரின் மேல் பூசும் எந்தப் பூச்சும் நிற்காது. காய்ந்த பிறகு இயற்கை நீரியல் சுண்ணாம்பும் (தண்ணீர் சேர்ந்தால் இறுகும் சுண்ணாம்பு வகை) மணலும் கலந்த பூச்சு. குளிர் தாங்குவதற்காகத் தெருப்பக்க அறையில் சுண்ணாம்போடு சணல் தண்டுத் துணுக்குகளைக் கலந்து கனமாகப் பூசினார்கள். தெர்மோகோல் பலகை போல முழு வெப்பத்தையும் தடுத்து நிறுத்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை வைத்தால் சில்லென்று இழுக்கும் அந்தக் குளிர் போய்விட்டது. சுவரும் மூச்சுவிடுகிறது.

குன்றை ஒட்டி வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று. 1930 நவம்பரில் ஃபூர்வியேர் குன்றின் ஒரு பகுதி நள்ளிரவில் சரிந்து, பழைய லியோனின் சேன் ழான் பகுதியின் வீடுகள் மேல் விழுந்தது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் 19 பேர் உட்பட ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். குன்றுக்குள் தேங்கிய நீர்தான் காரணம். அதற்குப் பிறகு நகராட்சி இந்தச் சரிவுகளைத் தனிக் கவனத்தோடு பார்க்கிறது. சரிவில் செய்யும் வேலைகளை ஆராய்ந்து கருத்துச் சொல்ல 'பால்ம்' குழு என்று ஒரு குழுவே இருக்கிறது. உங்கள் மனையின் பின்பக்கத்தில் தாங்குசுவரோ பழைய வடிகாலோ இருக்கிறதா, அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் விவகாரத்தில்தான் நான் 'முன்பே போவது' என்பதன் பலனை முழுமையாகக் கண்டேன். எங்கள் பெரிய அறையில் கல் சட்டம் சிலுவை போல நான்காகப் பிரிக்கும் மறுமலர்ச்சிக் கால ஜன்னல் இருக்கிறது. அதற்குள் பொருத்திய மரக் கதவுகள் காற்றையும் தெருச் சத்தத்தையும் தாராளமாக உள்ளே விட்டன. பிளாஸ்டிக் சட்டத்துக்கு இங்கே இடமே இல்லை என்பது தெரியும். ஓக் மரத்தில் இரட்டைக் கண்ணாடியுடன் புதிதாகச் செய்யலாம் என்று தச்சர் வரைபடம் கொடுத்தார். அதை மனுவாகப் போடுவதற்கு முன், அரசுப் பாரம்பரியக் கட்டடக் கலைஞரைச் சந்திக்க நேரம் கேட்டேன். இங்கே எல்லோரும் அவரை 'ஆ-பே-எஃப்' என்றுதான் சொல்வார்கள். இந்தப் பகுதியில் அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

வந்தவர் ஒரு பெண்மணி. நான் நீட்டிய வரைபடத்தை வாங்கவே இல்லை. "முதலில் பழையதைப் பார்ப்போம், மிஸ்யே" என்று ஜன்னலருகே போனார். கைப்பிடியைத் திருகினார். மேலும் கீழும் ஓடும் நீண்ட இரும்புத் தண்டு முனகியபடி சுழன்றது. பெயின்ட் அடுக்கை நகத்தால் ஓரத்தில் சுரண்டி, கீலைப் பார்த்தார். இந்தக் கதவுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, மரம் உறுதியாக இருக்கிறது, கீழ்க்கட்டை மட்டும்தான் உளுத்திருக்கிறது என்றார். பழையதைப் பழுதுபார்த்து அப்படியே வைத்துக்கொண்டு, அறையின் உட்பக்கத்தில், சுவரின் கனத்துக்குள்ளேயே இரண்டாவதாக ஒரு மெல்லிய ஜன்னல் பொருத்தச் சொன்னார். சுவர் எழுபது சென்டிமீட்டர் கனம், இடம் தாராளமாக இருந்தது. எனக்கு இந்த யோசனை தோன்றியதே இல்லை. புதிய ஓக் ஜன்னலுக்குக் கேட்ட தொகையைவிடக் குறைவாக முடிந்தது. இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள காற்று, குளிரையும் சத்தத்தையும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தடுக்கிறது.

பேசி முடிவானதைத்தான் பிறகு மனுவாக நகராட்சியில் கொடுத்தோம். தெருவிலிருந்து எடுத்த படம், அருகிலிருந்து எடுத்த படம், அளவோடு வரைந்த குறுக்குவெட்டுப் படம், மரம், கண்ணாடி, வண்ணம் பற்றிய விவரம் என எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடிதம் வரும், கெடு மறுபடி தொடங்கும். சாதாரண இடத்தில் ஒரு மாதத்தில் முடியும் முன்னறிவிப்பு மனு இங்கே இரண்டு மாதம் எடுக்கும். வரலாற்றுச் சின்னமாகப் பதிவான பகுதியைத் தொட்டால் இன்னும் நீளும். ஆகவே அனுமதி வரும் முன் எந்தத் தச்சருக்கும் கொத்தனாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்ற வரியை எழுதி வாங்குங்கள்.

மேல்தளத்தின் கதைக்கு வருகிறேன். பெரிய அறையில் தட்டையான வெள்ளைச் சுண்ணச் சாந்துக் கூரை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் உத்தரம் வெளியே தெரிவது பழம்பாணி ஆகிவிட்டதால் பல வீடுகளில் இப்படி மூடியிருக்கிறார்கள். மின் இணைப்புக்காக ஓர் ஓரத்தில் சிறிய துளை போட்ட தொழிலாளி, "உள்ளே ஏதோ நிறம் தெரிகிறது" என்று ஏணியிலிருந்து கூப்பிட்டார். கைவிளக்கை உள்ளே நீட்டிப் பார்த்தேன். நெருக்கமாக அடுக்கிய மரச்சட்டங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சட்டத்தின் அகலமே இடைவெளி. அவற்றின் பக்கங்களில் காவிச் சிவப்பில் சுருள் கொடிகள், கறுப்புக் கரை. அன்றைக்கு வேலையை அப்படியே நிறுத்தினோம். கட்டாயம் நிறுத்தத்தான் வேண்டும். உள்ளே இருக்கும் அலங்காரமும் பாதுகாப்புக்கு உட்பட்டது.

ஆ-பே-எஃப் அலுவலகத்துக்குச் சொன்னோம். சுவரோவியம் பழுதுபார்க்கும் நிபுணர் ஒருவரின் உதவி கிடைத்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஈரத் துணியால் துடைக்காதீர்கள்." இந்த வண்ணங்கள் பசையில் குழைத்துப் பூசப்பட்டவை. தண்ணீர் பட்டால் கரைந்து துணியோடு வந்துவிடும். பல நூற்றாண்டுகள் இருட்டில் பத்திரமாக இருந்த ஓவியம், வீட்டுக்காரரின் ஆர்வத்தில் ஒரே பிற்பகலில் அழிந்துபோவது உண்டாம். மென்மையான தூரிகையாலும் உலர்ந்த ரப்பர் பஞ்சாலும் ஒவ்வொரு சட்டமாக அவர் தூசி எடுத்ததை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைக்கரி நீங்க நீங்க ஒரு கொடியின் நுனியில் தூரிகை திரும்பிய இடம் தெரிந்தது. வண்ணம் அங்கே கொஞ்சம் கெட்டியாகத் தேங்கி நிற்கிறது. வரைந்தவரின் கை அங்கே ஒரு கணம் நின்றிருக்கிறது. விடுபட்ட பகுதிகளை நாங்கள் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. மங்கிய இடம் மங்கியபடியே இருக்கட்டும் என்பது நிபுணரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. மூடியிருந்த சாந்துக் கூரை போனதும் மேல்வீட்டாரின் காலடிச் சத்தம் நேராக எங்கள் தலையில் விழுந்தது. ஓவியத்தின் கீழே எதையும் ஒட்ட முடியாது. சத்தத்தை மேலிருந்துதான் தடுக்க வேண்டும். மேல்வீட்டார் தரைப் பலகையை மாற்ற நினைத்திருந்தார்கள். அதன் கீழே மரநார்ப் பலகை பரப்பும் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆகவே மேல்தளத்தைத் திறப்பதற்கு முன் மாடிவீட்டாரோடு பேசிவிடுங்கள். உத்தரங்கள் பெரும்பாலும் பொதுச்சொத்து என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு முக்கியமான ஒன்று: பழைய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கும். 1949க்கு முன் கட்டிய வீடுகளை விற்கும்போது ஈயப் பரிசோதனை அறிக்கை தந்தாக வேண்டும் என்பது சட்டம். அறிக்கையில் எந்தக் கதவு, எந்த ஜன்னல் என்று அறை அறையாக எழுதியிருப்பார்கள். அந்த இடங்களை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தூசி மூச்சில் போகும், தரையில் படிந்து குழந்தையின் கையிலும் வாயிலும் போகும். எங்கள் மகள் அப்போது தவழும் வயது. ஜன்னல் கதவுகளைக் கழற்றி முழுவதுமாகப் பட்டறைக்கு அனுப்பிவிட்டோம்.

சுழல்படி பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரே கல். அதன் உள்முனை உருளையாகச் செதுக்கப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுத்தூணாகிறது. படியின் நடுவில் பாதம் தேய்த்த பள்ளம். இதில் பெரிய பீரோவோ சோபாவோ ஏறாது. முன்பக்க வீட்டுக்காரர்கள் தெருவில் ஏணி லிஃப்ட் நிறுத்தி ஜன்னல் வழியாக ஏற்றுகிறார்கள். அதற்கு நகராட்சியில் இடம் பதிவு செய்ய வேண்டும். முற்றத்துப் பக்கத்தவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. பிரித்துக் கோக்கும் சாமான்களையே வாங்குங்கள். குளிர்காலத்தில் படியில் உப்பு தூவாதீர்கள், பிளீச் ஊற்றிக் கழுவாதீர்கள். இரண்டுமே கல்லை அரிக்கும்.

முதல் மாடியில் இருக்கும் மதாம் சிறு வயதிலிருந்தே இங்கே குடியிருக்கிறார். படிக்கட்டில் இருந்த ஒரே குழாயில் எல்லா வீட்டாரும் தண்ணீர் பிடித்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது. எந்த வடிகால் எப்போது அடைக்கும், எந்தக் கணப்புப் புகைபோக்கி யார் வீட்டு வழியாகப் போகிறது, நிலவறையில் எந்த வருடம் தண்ணீர் ஏறியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நிர்வாகியின் கோப்பில் இல்லாத செய்திகள் அவரிடம் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் ஒரு மாலை நேரம் இப்படிப்பட்ட ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. எங்கள் வீட்டு நிலவறையில் மின்பெட்டியை உயரத்தில் வைத்ததே அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

எங்கள் நடை திராபூலாகப் பின்தெருவுக்குப் போகிறது. குடியிருப்பவர்கள் பகலில் கதவைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டால், விளக்குக்கும் பராமரிப்புக்கும் நகராட்சி பங்களிக்கும் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. இந்த முற்றங்களைப் பார்க்க ஊருக்கே உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். எனக்கு மனம் ஒப்பாதது, சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகக் குறுகிய கால விடுதிகளாக மாறுவதுதான். சக்கரப் பெட்டிகள் படி படியாக இடித்துக்கொண்டு இறங்கும்போது கல்லின் விளிம்பு சில்லு சில்லாகப் போகிறது. இரண்டு இரவு தங்குபவருக்கு அது தெரிய நியாயம் இல்லை. வாசலில் சாவிப் பெட்டிகள் தொங்கவிடுவதை எங்கள் கட்டடத்தில் பொதுக்கூட்டத் தீர்மானத்தால் தடுத்துவிட்டோம். உங்கள் கட்டடத்தின் கூட்டு விதிகளில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன் படியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கூரை ஓடு மாற்றும் தீர்மானம் வருகிறது. இங்கே வளைவான மண் ஓடுதான் போட வேண்டும். நல்ல பழைய ஓடுகளை மேல்வரிசைக்கும் புதியவற்றைக் கீழ்வரிசைக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்க, மதிப்பீடு வாங்குவதற்கு முன்பே ஆ-பே-எஃப் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறோம். பிரான்ஸ் முழுவதும் செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் கொண்டாடுவார்கள். அப்போது எங்கள் முற்றத்தோடு சுழல்படியையும் இரண்டாவது மாடித் தாழ்வாரம் வரை திறந்து வைப்போம். அருகே இருப்பவர்கள் காலையிலேயே வாருங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. ஈரச் சுவரின் முந்தைய நிலையைக் காட்டும் படங்களையும், பெயர்த்தெடுத்த சிமென்ட் பாளம் ஒன்றையும் நடையில் ஒரு மேசையில் வைத்திருப்பேன். கல்லின் மாவு அதன் பின்புறத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம்.